மிச்சம் பிடித்த நேரம்

ஜூன் 3, செவ்வாய்

வியாபாரிகள் சங்கத்தில் இன்று நேர நிர்வாகப் பயிற்சி. மதியம் பிரியாணி உண்டு என்று அழைப்பிலேயே போட்டிருந்ததால் நாற்காலி பற்றவில்லை. பயிற்சியாளர் பெயர் வெற்றி ஆதவன். பெற்றவர்கள் வைத்த பெயராக இருக்காது. பத்து மணிக் கூட்டத்துக்குப் பதினொன்றேகாலுக்கு வந்தார். திருப்பூரில் டிராஃபிக்காம். வந்ததும் முதல் வேலையாக, தாமதமாக வருகிறவன் அடுத்தவன் ஆயுளைத் திருடுகிறான் என்று முழங்கினார். எல்லோரும் கைதட்டினோம்.

பலகையில் நாலு கட்டம் போட்டார். அவசரமானது, முக்கியமானது, இரண்டும் ஆனது, இரண்டும் இல்லாதது. ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம் இருந்தும் ஒன்றும் தெளிவாகத் தெரிவதில்லை. இவர் நாலிலேயே முடித்துவிட்டார். "நீங்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலையை நீங்கள் செய்யுங்கள். மற்றதையெல்லாம் ஒப்படையுங்கள்" என்றார். தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். உரக் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. எழுதுகிறேன்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் வண்டியில் திரும்பி வரும்போது யோசித்தேன். டீக்கடையில் நாச்சிமுத்துவோடு உட்காருவதிலேயே வருசத்துக்கு ஒரு மாதம் போகிறது. முப்பது வருசமாக உட்காருகிறேன். சைக்கிளில் தேங்காய் விற்று, இன்று காங்கேயத்தில் இரண்டு களம் வைத்துத் தேங்காய்ப் பருப்புக் காயவைக்கிறவன், இரண்டரை வருசத்தை டீ கிளாசில் கரைத்திருக்கிறேன். திருட்டு நடந்தது தெரியாமலே பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 4, புதன்

டீக்கடையை நிறுத்திவிட்டேன். நாச்சிமுத்துவிடம் நேரிலேயே சொன்னேன். அவனும் பருப்பு வியாபாரிதான். என் களத்தை ஒட்டித்தான் அவன் களம்.

"ஏப்பா சென்னியப்பா, ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ எந்தக் கட்டத்துலயும் வர மாட்டேங்கற."

"என்ன கட்டம்?"

"அவசரமும் இல்ல, முக்கியமும் இல்ல."

"செரி, இன்னிக்கு டீக்குக் காசை நீயே குடுத்துட்டுப் போ. கடைசியா ஒரு தடவ நல்லது பண்ணு" என்றான். பொறாமை.

ஜூன் 7, சனி

நேரப் பட்டியலைப் போனில் ஏற்ற வேண்டும். என் விரலுக்கு அது பணியவில்லை. வாணியிடம் கொடுத்தேன். கோகிலவாணி என் ஒரே மகள். கோயமுத்தூரில் எம்பிஏ முடித்துவிட்டு, கல்யாணம் ஆகும்வரை வீட்டில் இருக்கிறாள். எட்டே நொடியில் ஏற்றிவிட்டு, "ஏனுங்ப்பா, உங்க நேரத்தை நானே பாத்துக்கட்டுங்களா? மணியடிக்கும். நீங்க போன்ல வர்றதைச் செஞ்சாப் போதும்" என்றாள்.

படிக்கவைத்தது வீண் போகவில்லை. கல்யாணம் வரைக்கும் அவளுக்கும் பொழுது போகும்.

கல்யாணம் என்றதும் நினைவு வருகிறது. தரகர் பொங்கியண்ணன் தாராபுரத்திலிருந்து ஒரு இடம் கொண்டுவந்திருக்கிறார். ஆயில் மில் திருமலைசாமியின் மகன். பையன் படம் அனுப்பினார்கள். நான் மில்லின் படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மில்லுக்கு ஒரு மூட்டை பருப்பாவது தள்ளிவிட வேண்டும் என்று ஆறு வருசமாகப் படியேறுகிறேன். சம்பந்தியாகிவிட்டால் யார் தடுப்பது?

ஜூன் 12, வியாழன்

காலை நடை, குளியல், பேப்பர், களம், சாப்பாடு, ஓய்வு என்று எல்லாவற்றுக்கும் மணியடிக்கிறது. நன்றாக இருக்கிறது. மயிலாத்தாள் மட்டும் கேட்டாள்: "ஏனுங்க, மிச்சமாகற நேரத்தையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க? ரெண்டு படி எனக்கும் குடுங்க, இட்லிக்கு ஊறப்போடறேன்." இருபத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தியும் முன்னேற்றத்தின் மதிப்பு அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வாணி ஏதோ சொல்ல வந்தாள். "அப்பா, அந்தத் தாராபுரத்து விசயம்..." என்று ஆரம்பித்தாள். அது என் ஓய்வு நேரம். "போன்ல ஏத்து கண்ணு, அப்பறம் பேசலாம்" என்றேன். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

ஜூன் 16, திங்கள்

களத்துக்குக் காலையில் போய் வேலைக்கு ஆள் பிரிப்பதை வாணியிடம் ஒப்படைத்தேன். நான் மட்டுமே செய்யக்கூடிய வேலையா அது? இல்லை.

ஜூன் 20, வெள்ளி

தோட்டக்காரர்கள் போனில் பிடித்தால் விடுவதில்லை. மாடு கன்று போட்டதிலிருந்து தொடங்கிக் கடைசியில்தான் தேங்காய்க்கு வருவார்கள். அந்தப் பேச்சையும் வாணியிடம் ஒப்படைத்தேன். ஊதியூர் மாரப்பன் அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினானாம். பாவம் பிள்ளை, அவளுக்கு இன்னும் துண்டித்துப் பேசத் தெரியவில்லை.

ஜூன் 25, புதன்

பருப்பு ஏலத்துக்குப் போகும் வேலையையும் ஒப்படைத்தாயிற்று. இப்போது காலைப் பத்து மணிக்கே என் வேலை முடிந்துவிடுகிறது.

வாணி மறுபடியும் வந்தாள். நேற்றே போனில் ஏற்றியிருந்தாளாம்; மணியும் அடித்தது. ஆனால் அப்போது பார்த்துத் தரகர் வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வாணியின் ஜாதகம் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்களாம். இதைவிட முக்கியமான வேலை உண்டா? வாணியின் நேரத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினேன். ஞாயிறு ஓய்வு என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூலை 1, செவ்வாய்

சமையலறையைச் சீர்திருத்தினேன். அடிக்கடி எடுப்பது கைக்கெட்டும் தட்டில், எப்போதாவது எடுப்பது மேல்தட்டில். பரண் ஏறி இறங்கும் நேரம் மிச்சம். மத்தியானம் ரசத்தில் உப்பில்லை. மயிலாத்தாளிடம் கேட்டதற்கு, "உப்பு எந்தக் கட்டத்துல இருக்குதுன்னு நீங்கதான் சொல்லோணும்" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் மாப்பிள்ளை வீடு பார்த்துவிட வேண்டும். வரும் ஞாயிறு போவதென்று முடிவாயிற்று. நம் பக்கம் பெரியவர்கள் மட்டும் போய் வீடு வாசலைப் பார்ப்பது வழக்கம். பிடித்திருந்தால் அங்கேயே பூவும் பழமும் மாற்றிக்கொள்ளலாம் என்று திருமலைசாமி சொல்லியனுப்பியிருக்கிறார்.

வாணி நேராகவே சொன்னாள். "எனக்கு இந்தக் களமே போதுங்ப்பா. இதை நான் பாத்துக்கறேன். அந்த எடம் வேண்டாங்."

"களத்தைப் பாக்கறதுக்கு ஆளா இல்ல? பொண்ணுப்புள்ள வெயில்ல நின்னா நாளைக்கு யாரு கட்டுவான்?"

"அப்பா, ஒரு பத்து நிமிசம் உக்காந்து கேளுங்களேன்."

போனில் மணியடித்தது. நடைக்குப் போகும் நேரம். அவள்தான் ஏற்றியது, நானென்ன செய்ய? வந்து பேசலாம் என்று கிளம்பினேன். வந்தபோது அவள் களத்துக்குப் போய்விட்டிருந்தாள். சின்ன வயசு. நாலு நாளில் சரியாகிவிடும்.

ஜூலை 9, புதன்

ஊதியூர் மாரப்பனின் தகப்பனார் நேற்றுக் காலமாகிவிட்டார். நல்ல மனுசன். துக்கம் விசாரிக்கப் போக வேண்டும். வாணியிடம் ஏற்றச் சொன்னேன். "பாத்துக்கறேங்ப்பா" என்றாள்.

மத்தியானம் அவள் காரை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தாள். வந்ததும் வாசல் குழாயிலேயே காலைக் கழுவிவிட்டுத் தலைக்குக் குளித்தாள். வெயில் அப்படி.

ஜூலை 12, சனி

நாளைய பட்டியலை வாணி படித்துக் காட்டினாள். காலையில் கிளம்பி, போகிற வழியிலேயே ஊதியூரில் இறங்கித் துக்கம் விசாரித்துவிட்டு, அப்படியே தாராபுரம். இல்லாவிட்டால் அதே ரோட்டில் இரண்டு நாள் இரண்டு தடவை போக வேண்டும். பெட்ரோல் மிச்சம், நேரம் மிச்சம். ஆதவன் மேடையில் சொன்ன ஒரே வழி, ஒரே பயணம் என்பது இதுதான். கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. என் மகள்!

மயிலாத்தாள் அவளுடைய அண்ணன் காரில் தனியாக வருகிறாளாம். நல்ல காரியத்துக்கு என்னைத் தனியாக விடவே மாட்டாள். என் சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் சரிபார்ப்பாள். பரவாயில்லை, மாறி வருகிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

விவரமாக எழுதியாக வேண்டும்.

ஊதியூரில் மாரப்பன் வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. மாரப்பன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்களும் வருவீங்கன்னு நெனைக்கலீங்க. அதான் பாப்பா வந்து ரொம்ப நேரம் உக்காந்திருந்துட்டுப் போச்சுங்களே" என்றான். எந்தப் பாப்பாவைச் சொன்னானோ. அழுதுகொண்டே பேசினான், பாதி புரியவில்லை. பத்து நிமிசம் ஒதுக்கியிருந்தேன். மணியடித்ததும் எழுந்தேன். மாரப்பன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தாராபுரத்தில் திருமலைசாமி வாசலுக்கே வந்து கும்பிட்டார். மில்லைச் சுற்றிக் காட்டினார். செக்கு ஓடும் சத்தம் நாதஸ்வரம் மாதிரி இருந்தது. மயிலாத்தாளும் மச்சானும் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சாந்தாமணி தட்டில் பூ, பழம், வெற்றிலை எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். காப்பி வந்தது.

"தூரத்துல இருந்து வர்றீங்க. பயணம் சௌரியமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் அப்போது பெருமையில் இருந்தேன்.

"பயணமெல்லாம் திட்டம் போட்டுத்தானுங்க. நான் ஒரு நிமிசத்தைக்கூட வீணாக்கறதில்ல. இப்பப் பாருங்க, வர்ற வழியிலயே ஊதியூர்ல ஒரு எழவையும் முடிச்சுட்டு வந்துட்டேன்."

"முடிச்சுட்டுன்னா?" என்றார் திருமலைசாமி.

"துக்கம் விசாரிச்சுட்டுங்க. நம்ம தோட்டக்காரரு."

"அப்பறம் ஊட்டுக்குப் போயிக் குளிச்சுட்டு..." என்று அந்த அம்மா எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். வியாபாரி அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான், "குளிக்கறதுக்குத் திரும்பிப் போனா மிச்சம் பண்ணுன நேரமெல்லாம் போயிருமுங்களே" என்றேன்.

சாந்தாமணி எழுந்தார். பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்ப வரவில்லை. நான் குடித்த காப்பி டம்ளரை ஒரு பெண் வந்து முந்தானையால் பிடித்து எடுத்துப் போனாள். திருமலைசாமி மழை, வெயில், தேங்காய் வரத்து என்று கொஞ்ச நேரம் பேசினார். பிறகு அதையும் நிறுத்திக்கொண்டார்.

திரும்பும்போது மயிலாத்தாள் என் காரில் ஏறினாள். ஊதியூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் காரை மெதுவாக ஓட்டினேன்.

ஜூலை 15, செவ்வாய்

தரகர் வந்தார். ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம். பொருத்தம் ஒன்று குறைகிறதாம். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். நான் திட்டினேன். இந்தக் காலத்திலும் தீட்டு, சகுனம் என்று பார்க்கிறவர்கள் எப்படி மில் நடத்துகிறார்கள்? தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாததற்கு ஒரு கல்யாணம் நிற்குமா?

"அவங்க ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடி குளிச்சிருந்தா நீங்க சொல்றதைக் கேக்கலாமுங்க" என்றார் தரகர். அவருக்குக் கமிஷன் போன வருத்தம்.

வாணியிடம் சொன்னேன். "செரிங்ப்பா" என்றாள். அவ்வளவுதான். நல்ல பிள்ளை, ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்கிறாள்.

ஜூலை 23, புதன்

வேலை இல்லை.

ஜூலை 24, வியாழன்

இன்றும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மத்தியான ஓய்வில் தூங்கிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தில் விழித்தேன். ஆடியில் இப்படி ஒரு மழை. இரண்டு களத்திலும் உடைத்த தேங்காய் பரப்பியிருக்கிறது. நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், எண்ணெய்க்கு ஆகாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடினேன்.

களம் காலியாக இருந்தது. பெரும்பகுதி கொட்டகைக்குள். மிச்சத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் நாச்சிமுத்து களமும் அப்படியே. களத்தில் வேலை செய்யும் பழனாத்தாள் கொட்டகையில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"மழை வர்றது எப்படித் தெரிஞ்சுது?"

"பாப்பா டீக்கடையில இருந்து ஓடியாந்துச்சுங்க. தாராபுரத்துப் பக்கம் இருந்து வந்த லாரிக்காரரு, அங்க கொட்டுது, இன்னும் அரை மணியில இங்கன்னு சொன்னாராமுங்க."

"வாணி டீக்கடைக்கா போறா?"

"தெனமுங்க. உங்க எடத்துலதானுங்க உக்காருது."

ஆகஸ்ட் 6, புதன்

டீக்கடைக்குப் போனேன். போன் பட்டியலில் அது இல்லை. நானாகவே போனேன்.

"வா வா. எந்தக் கட்டம்?" என்றான் நாச்சிமுத்து.

"எம்புள்ளய இங்க உக்கார வெச்சு என்ன பண்ற நீ?"

"நானா உக்கார வெச்சேன்? நீ எந்திரிச்சுப் போன மறுநாளே வந்து உக்காந்துருச்சு. எவன் தோட்டத்துல எப்பக் காய் எறக்கறான், எந்த மில்லுல சரக்கு தீந்துபோச்சு, எல்லாம் இங்கதானே வருது. நீ வேண்டாம்னு தூக்கிப்போட்டதை அது பொறுக்கி எடுத்துக்கிச்சு." ஒரு வாய் டீ குடித்தான். "உன்னையாட்டமே கூர்ப்பு. ஆனா மரியாதை தெரியுது. ஊதியூர் எழவுக்கு வந்தப்பப் பாத்தேன். மாரப்பன் பேசி முடிக்கற வரைக்கும் நகரல."

"எந்த எழவுக்கு?"

"மாரப்பன் அப்பன் செத்த மறுநாள். நானும் அதுவும் ஒண்ணாத்தானே போனோம், உங்க கார்ல. உங்க ஊட்டுச் சார்பா வந்தேன்னு சொல்லித்தானே உக்காந்துச்சு. ஏன், உனக்குத் தெரியாதா?"

டீ ஆறிப்போயிற்று. குடித்துவிட்டேன்.

அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எதற்கு ஊதியூரில் இறங்கினேன்?

ஆகஸ்ட் 7, வியாழன்

வாணியிடம் பேச வேண்டும் என்று களத்து ஆபீசுக்குப் போனேன். போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். என் ஆபீசில், வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சு ஆடுகிறது. இத்தனை வருசம் யாரும் சொல்லவில்லை.

பேசி முடித்து வந்தாள். "சொல்லுங்ப்பா."

"எதுக்கு இப்படிப் பண்ணுன?"

எதை என்று அவள் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

"மூணு தடவ சொல்ல வந்தேங்ப்பா. போன்ல ஏத்துன்னீங்க. ஏத்துனேன். தள்ளி வெச்சீங்க. கடைசியில மணியடிச்சதும் எந்திரிச்சுப் போயிட்டீங்க. எங்கிட்டப் பேச நேரமில்ல, எழவு ஊட்டுல உக்கார நேரமில்ல. செரி, நேரமில்லாத மனுசனை நேரத்தாலயே நிறுத்தலாம்னு பாத்தேன்."

"அந்தம்மாகிட்ட நான் சொல்லாம இருந்திருந்தா?"

"நீங்களா?" என்றாள். "மிச்சம் பண்ணுனதைச் சொல்லாம நீங்க இருப்பீங்களா? அம்மா அப்பவே சொல்லிட்டாங்க, காப்பி டம்ளரைக் கீழ வெக்கறதுக்குள்ள சொல்லிருவாருன்னு."

காரில் தோள் குலுங்கியது இதற்குத்தான்.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு ஓரமாக. ஆனால் நானும் வியாபாரி. எதிராளியின் பலவீனம் எது என்று பார்த்து, அதை அவன் வாயாலேயே சொல்லவைத்து, விலையைத் தானாக விழவைப்பதுதான் இத்தனை வருசமாக நான் செய்த தொழில். எவனும் என்னிடம் அதைச் செய்ததில்லை. இவள் நான் கொடுத்த போனை வைத்தே செய்திருக்கிறாள்.

"அந்த மில்லு போச்சே" என்றேன். வேறென்ன சொல்வது?

"எங்க போச்சு? இப்பப் பேசிட்டிருந்தது அவங்க கொள்முதல் ஆபீஸ்தானுங்ப்பா. அங்க சரக்கு தீந்துபோச்சுன்னு டீக்கடையில கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் முதல் லோடு போகுது."

ஆறு வருசம் நான் படியேறிய மில். பூ மாற்றாமலே பிடித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெற்றி ஆதவன் போன் செய்தார். என் முன்னேற்றத்தைப் பற்றிச் சங்கத்தில் ஐந்து நிமிசம் பேச வேண்டுமாம். எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன் என்றேன். மிகவும் மகிழ்ந்தார். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பாடத்தை நீங்கள் நடத்தவில்லையே என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வாணியிடம் வேலை கேட்டேன். நேராகவே கேட்டேன், இதில் என்ன வெட்கம்.

"நீங்க மட்டும் செய்யற வேலை ஒண்ணு இருக்குதுங்ப்பா" என்றாள். "நாம பருப்பு வாங்கற, விக்கற ஊருல எந்தத் துக்க ஊடா இருந்தாலும் நீங்கதான் போகோணும். நான் போனா பாப்பா வந்துச்சும்பாங்க. நீங்க போனாத்தான் காங்கேயத்துல இருந்து வந்தாங்கன்னு சொல்லுவாங்க. ஆனா ஒண்ணு, போனைக் கார்லயே வெச்சுட்டுப் போகோணும். அவங்க பேசி முடிக்கற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

என் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். ஒப்புக்கொண்டேன். பேரம் பேச என்னிடம் சரக்கில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

தரகர் வேறொரு இடம் கொண்டுவந்தார். வாணியிடம் நேரம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். "பொண்ணுகிட்டயேங்களா?" என்றார். "நானும் அப்படித்தான் வாங்கறேன்" என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

தாராபுரம் திருமலைசாமியின் அண்ணன் தவறிவிட்டார். வாணி அனுப்பினாள். அவர்கள் முகத்தில் மறுபடி விழிக்க எனக்கு வெட்கம்தான். ஆனால் இப்போது அது நம் வாடிக்கை வீடு.

உட்கார்ந்தேன். திருமலைசாமி அண்ணனைப் பற்றிப் பேசினார். இருவரும் சின்ன வயசில் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டதைச் சொன்னார். அண்ணனோடு நாலு வருசம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததைச் சொன்னார். "பேசோணும், பேசோணும்னே இருந்தேனுங்க, சோலி விடல" என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சும்மா பக்கத்தில் இருந்தேன். வெயில் வாசலிலிருந்து நடைக்கு வந்து, நடையிலிருந்து சுவரேறிப் போயிற்று.

எழுந்தபோது சாந்தாமணி கதவோரம் நின்றிருந்தார். "இங்கிருந்து எங்கீங்க போறீங்க?" என்றார். குரலில் ஊசி இருந்தது.

"ஊட்டுக்குத்தானுங்க. நேரா. குளிக்கறதுக்கு."

முகம் கொஞ்சம் இளகியது மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். போய் வருகிறேன் என்று சொல்லாமல், சொல்லக் கூடாத இடத்தில் எப்படிக் கிளம்ப வேண்டுமோ அப்படிக் கிளம்பினேன்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. காங்கேயம் எல்லையில் காரை நிறுத்தினேன். நாச்சிமுத்து டீக்கடைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். நான் குளிக்காதவன், கடைக்குள் வர மாட்டேன் என்றேன். டீயை அவனே வெளியே எடுத்துவந்தான். பேச முக்கியமாக எதுவும் இல்லை. அவனுடைய மருமகனின் புது வண்டியைப் பற்றிப் பேசினோம். அது அவசரமும் இல்லை.

போன் அடித்தது. வாணி.

"அப்பா, முடிஞ்சுதுங்களா? எங்க இருக்கீங்க?"

நாச்சிமுத்து என் முகத்தைப் பார்த்தான். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இல்ல கண்ணு, இன்னும் துக்க ஊட்டுலதான். தண்ணி எடுக்கக் கார் வரைக்கும் வந்தேன். அவரு பேசிட்டே இருக்காரு, கெளம்ப முடியல" என்று சொல்லிவிட்டு, போனை அணைத்துக் காருக்குள் போட்டுவிட்டு வந்து, இன்னொரு டீ சொன்னேன்.